எலியும் சக்கையும்

சாப்பாட்டு மேசையிலிருந்து தவறி விழுந்த எறும்பு, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. உடனே என் மூக்கில் கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகு நெடி ஏறிவிட்டது.

எழுபதுகளில் நாங்கள் குடியிருந்தது மிளகுக் கிடங்கின் மாடியில். ஒருநாள், கயிற்றில் கட்டி மேலே இழுத்த மூட்டையிலிருந்து ஒரு எலி துள்ளிக் கல் முற்றத்தில் விழுந்தது. செத்தது என்று நினைத்தேன். அதுவோ உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிற்று! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எலியால் முடிந்தால் எட்டு வயதுக்காரி என்னால் முடியாதா? பாவாடையைச் செருகிக்கொண்டு ஜன்னலில் ஏறிவிட்டேன்.

"அம்மா, நானும் கீழே சாடப்போறேன், பாரு!"

அம்மா ஒரு கையால் என் பின்னலைப் பிடித்தாள். ஜன்னலோரம் பழுக்க வைத்திருந்த சக்கையை, முழுப் பலாப்பழத்தை, மறு கையால் வெளியே உருட்டிவிட்டாள். டமார்! முற்றமெங்கும் மஞ்சள் சுளைகள்.

"கனம் கூடினா அடியும் கூடும். நீ எலியா, சக்கையா? சொல்லுடி!"

பின்னலை விடுவித்துக்கொண்டு சுளை பொறுக்க ஓடினேன்.

"அத்தை, நானும் அந்த எறும்பு மாதிரி சாடட்டா?"

நிமிர்ந்து பார்த்தேன். தம்பி மகள் மேசைமேல் நின்றுகொண்டிருந்தாள்.

"இருடி, வந்துட்டேன்!" என்று, சமையலறையிலிருந்த பரங்கிக்காயை எடுத்துவர ஓடினேன்.