தோளிலேயே கிடந்த துண்டு

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட உழவுக்கு மாடு வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். பல்லைப் பார்க்க வேண்டியதில்லை. மாடு பத்தடி நடந்தால் போதும், வயதைச் சொல்லிவிடுவேன். மாடு அடைக்கும் தொண்டுப்பட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவன் முப்பது வயதில் சொந்த ஓட்டு வீடு கட்டினேன். யாரும் எனக்குக் கைகொடுத்ததில்லை என்று பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. ஒருவன் கொடுத்தான். அவனைப் பற்றித்தான் இது.

அவனும் என் வயதுதான். என்னைவிட இரண்டு மூன்று வருடம் முன்னதாக மாட்டுத் தரகுக்கு வந்தவன். துண்டு போட்டுப் பேசும் முறையை அவனிடம்தான் பழகினேன். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம். ஆயிரம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். அதற்கு மேல் எத்தனை நூறு என்பதை விரல் சொல்லும். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று, நடுவிரலையும் சேர்த்தால் இரண்டு, மோதிர விரலும் வந்தால் மூன்று, சுண்டுவிரலும் வந்தால் நான்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. சம்மதம் என்று கையை அடித்துவிட்டால் அவ்வளவுதான், பின்வாங்க முடியாது. அவன் விரல்கள் அந்த வேலையில் அத்தனை சுத்தம். நான் இதுவரை யாரையும் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று எழுதியதில்லை. அவனை எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தூர்ப் புழையோரம் சாப்பிடுவது எங்கள் வழக்கம். தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக்கொட்டகை. மூன்று பெஞ்சு, கீழே ஆறு. ஒரு சேச்சி நடத்தினார். காலையில் பிடித்த விராலைக் குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்து, சட்டியோடு கொண்டுவந்து பெஞ்சில் வைப்பார். கூட மட்ட அரிசிச் சோறு. நானும் அவனும், பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்த இன்னொரு கூட்டாளியும், ஆக மூன்று பேர். கடைக்காரருக்குத் தொப்பையும் பெரிது, வாயும் பெரிது. தின்று முடித்ததும் படியிறங்கி ஆற்றில் கை கழுவுவோம். துடைப்பது என் துண்டில். சந்தையில் கைமேல் விழுகிற அதே துண்டுதான். பொள்ளாச்சியில் நெய்த நல்ல கனமான துண்டு. மற்ற இருவரும் துண்டு கொண்டுவந்தாலும் என் துண்டில்தான் துடைப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு நானும் அவனும் ஒரு ஜோடி காளை பார்த்தோம். ஆயிரத்து இருநூறுக்கு மேல் போகக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எதிர்த்தரப்புத் தரகனோடு துண்டுக்குள் கைவிட்டவன் இவன். கொஞ்ச நேரத்தில் கையை அடித்தான். துண்டை எடுத்த பிறகு எதிர்த்தரப்பு கேட்டது ஆயிரத்து நானூறு. தோப்புக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இவன் எதிர்த்தரப்பில் எதையோ வாங்கிக்கொண்டு எங்களைக் கவிழ்த்துவிட்டான் என்று நான் முடிவுகட்டினேன். மறுநாள் சாப்பாட்டுக்குப் போனதே அதை நேருக்கு நேர் கேட்கத்தான்.

இலையில் சோறு விழுந்ததுமே ஆரம்பித்தேன். "ஏன் மாப்ளே, நேத்து அவிங்ககிட்ட எத்தன வாங்குன?"

"நானொண்ணும் வாங்கல."

"அப்பறம் நாலுக்கு எப்படிக் கைய அடிச்ச?"

"ரெண்டுன்னுதான் நெனச்சேன்."

"ரெண்டா! பதினஞ்சு வருசமா துண்டுக்குள்ள கைய உடறவனுக்கு ரெண்டு வெரலுக்கும் நாலு வெரலுக்கும் வித்தியாசம் தெரியலீங்கற. இத நான் நம்போணும்."

கடைக்காரர் குறுக்கே வந்தார். "உடுப்பா. மீனு வர்ற நேரத்துல சண்ட எதுக்கு? சேச்சி கோவிச்சுட்டு வாலத்தான் போடும், தலையத் தராது."

அப்போதுதான் சேச்சி கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தார். பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார். சட்டி சரிவாக இருந்தது. இவன் வலது கையால் சட்டியை அணைத்துப் பிடித்து, மெதுவாக நடுவுக்கு நகர்த்தி, ஆடாமல் நிறுத்தினான். கையை எடுக்க அவசரமே படவில்லை.

"அய்யோ, சட்டி சூடாணு!" என்று சேச்சிதான் கத்தினார்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டுக்குச் சூடு போட்டுப் போட்டு இவன் கையே கம்பியாயிருச்சுங்க சேச்சி!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலின் பக்கமாக உள்ளங்கை ஓரம் வெந்து வெளுத்திருந்தது. அந்தக் கையாலேயே மிளகாய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் தின்றான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மாட்டைப் பார்த்தே நோய் கண்டுபிடிப்பவன் நான். எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. நேற்று எதிர்த்தரப்புக்காரன் நான்கு விரலையும் பிடித்திருக்கிறான். இவனுக்கு இரண்டுதான் தெரிந்திருக்கிறது.

"எப்பருந்து?" என்றேன்.

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாசிலருந்து. இந்த ரெண்டு வெரலும் மரத்துப் போச்சு. மொழங்கைகிட்ட ஒரு தேமலு. ஊசி குத்துனாலும் தெரியறதில்ல."

"டாக்டர்கிட்டக் காட்டுனயா?"

"பாலக்காட்டுல காட்டுனேன். அதேதான்னு சொல்லிப்போட்டாரு."

எது என்று நாங்கள் கேட்கவில்லை. தொழுநோய் என்று இப்போது எழுதுகிறேன். அன்று எங்கள் பக்கத்தில் அதன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவனே பேசினான். "மாத்திர குடுத்திருக்காங்க. தவறாமத் தின்னா மத்தவிங்களுக்கு ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. நானும் தவறாமத்தான் திங்கறேன். தரகு இனி என்னால ஆகாது. அது போனாப் போகுது." இலையிலிருந்து தலையைத் தூக்கினான். "ஞாயித்துக்கெழம நான் இங்க வரலாமா, வேண்டாமா? அத மட்டும் நீ சொல்லு மாப்ளே."

கடைக்காரரை அவன் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டான்.

சந்தைக்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு இரண்டு பேரைத் தூக்கியெறிந்த காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தியவன் நான். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அன்று "வா" என்று ஓர் எழுத்து என் வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதில் என்னென்னவோ வந்தது. "கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம். எனக்குத் தெரியாத டாக்டரா? நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும், உன்னய முன்னால கூப்புட்டுப் பாப்பாங்க. வண்டி வெச்சுக் கூட்டீட்டுப் போறேன். நீ எதுக்கும் கவலப்படாத..."

"நான் கேட்டது அதில்ல மாப்ளே."

"சாப்புடு, சாப்புடு. ஆறுது பாரு" என்றேன்.

அவன் சாப்பிட்டான். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கடைக்காரர் பாதியில் எழுந்துவிட்டார், வயிறு சரியில்லை என்று. என் இலை அவன் இலையை ஒட்டித்தான் கிடந்தது. நான் எப்போது அதை ஒரு சாண் இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. பெஞ்சில் குழம்பு இழுபட்ட தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவனும் அதைப் பார்த்தான்.

படியிறங்கிக் கை கழுவினோம். நான் முதலில் கழுவித் துடைத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டேன். அவன் நிதானமாகக் கழுவினான். வெந்த இடத்தில் தோல் உரிந்து தண்ணீரில் ஆடியது. பிறகு எழுந்து, எப்போதும் நிற்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் படியில் விழுந்தது. துண்டு என் தோளில் இருந்தது. கை போய் எடுக்க வேண்டியதுதான். நான் தரைப்பாலத்தைப் பார்த்து, "தண்ணி ஏறுது போல, மலைல மழை பேஞ்சிருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வேட்டியின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, பேஞ்சிருக்கும்" என்றான். முன்னால் படியேறிப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. நான் போயிருந்தேன், ஆளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். சேச்சி, "மற்றே ஆள் எவிடே?" என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறான் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். அப்புறம் நானும் போவதை விட்டுவிட்டேன்.

மாத்திரையைத் தின்று நோயை விரட்டிவிட்டான். சில வருடம் ஆனது. இரண்டு விரல் மட்டும் மடங்கினபடியே நின்றுவிட்டன. சந்தைக்கு அவன் திரும்பவில்லை. அகளிப் பக்கம் மச்சினன் காட்டில் ஆடு வளர்க்கிறான் என்று தெரிந்தது. அதற்குள் நான் இரண்டு லாரி வாங்கியிருந்தேன். என் வீட்டு விசேஷத்தில் ஐந்நூறு இலை விழும். ஒரு நாள் அந்தச் சேச்சியிடமே போய், விரால் குழம்பைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு அகளிக்கு வண்டியை விட்டேன்.

அவன் என்னைப் பார்த்து முகம் திருப்பவில்லை. "வாங்க வாங்க" என்றான். மாப்ளே என்று சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்த "ங்க"வைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து தின்றோம். இலையை நானே அவன் இலையோடு ஒட்டிப் போட்டேன். குழம்பு நன்றாக இருக்கிறதென்றான், சேச்சியை விசாரித்தான், கடைக்காரரின் தொப்பையைக் கேட்டுச் சிரித்தான்.

வெளியே சிமெண்டுத் தொட்டியில் கை கழுவினான். நான் ஓடிப்போய்த் துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து நீட்டினேன். அதற்குள் அவன் கையை வேட்டியில் துடைத்து முடித்திருந்தான்.

விரித்த துண்டைப் பார்த்தான். "அட, இருக்கட்டுங்க" என்றான். "எனக்கு இப்படியே பழகிப் போச்சு."