கடைசிப் பத்து நிமிடம்

யோகராணி பதினாறு வருடங்களாகப் பாரிஸில் ஒரு தியேட்டரைக் கூட்டித் துடைக்கிறாள். பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. முழுதாகப் பார்த்த படம் ஒன்றுகூட இல்லை. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது குப்பைப்பையும் விளக்குமாறுமாகப் பின்கதவடியில் போய் நிற்பாள். முன்னால் என்ன நடந்தது என்பதைத் தானே இட்டுக்கட்டிக்கொள்வாள். தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குத் திரும்பியதும் பெர்தொனே தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் மடுத்தீனிடம் அதை அளப்பாள். பாவம், அந்த மனுஷன் சாமான் நிறுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

போன பங்குனியில் ஒரு பழைய இத்தாலியப் படம் ஓடியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கோட்டை, குதிரை, வாள் என்று எப்போதோ ஒரு காலத்துக் கதை. கடைசியில் கோட்டைக் கதவு திறக்கும். இரும்புச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் நரைத்த சீமாட்டியின் முன் மண்டியிடுவான். அவள் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுவாள். மகன் மன்னிப்புக் கேட்டு வந்துவிட்டான் என்று யோகராணி விளங்கிக்கொண்டாள். ஒரு கிழமை முழுக்க விளக்குமாற்றைப் பிடித்தபடி அவளும் அழுதாள்.

அவளுக்கும் ஒரு மகன் இருந்தான், தனோஜன். ஷார்லோத் என்ற பிரெஞ்சுக்காரியைக் கட்டப்போகிறேன் என்றவனை, "அவளைக் கட்டினால் என்ரை முகத்திலை முழியாதை" என்று துரத்திவிட்டாள். நாலு வருடமாகிறது. பாரிஸுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலிலிருந்து ஜனவரி வருடப்பிறப்புக்கு அவனிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். பதில் எழுதக் கை துடிக்கும், வீம்பு விடாது. பெற்றவள் இறங்கிப் போவதா? இந்த வருடம் அட்டை வரவில்லை. நேரில் வரப்போகிறான், அதுதான் அனுப்பவில்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

"இருந்து பாருங்கோ அண்ணை, வந்து காலிலை விழுவான்" என்று மடுத்தீனிடம் அடித்துச் சொன்னாள்.

படத்தின் கடைசி நாள் அவளுக்கு லீவு. டிக்கெட் வாங்கி, ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தாள். பாதிப் படத்திலேயே, ஒரு பாலத்தடிச் சண்டையில், மகன் செத்துப்போனான். கடைசியில் மண்டியிட்டவன் மகனே இல்லை. சாவுச் செய்தி கொண்டுவந்த கூட்டாளி. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அழுகையைப் பார்த்தா இவ்வளவு நாளும் வயிறு குளிர்ந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீம்பாவது ஒன்றாவது! அட்டையிலிருந்த விலாசம் மனப்பாடம். ரயிலும் பஸ்ஸுமாக லெ பிளாங்-மெனிலுக்கு ஓடினாள்.

தட்டத் தட்டக் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பெண் எட்டிப் பார்த்தாள்.

"தனோஜன் ஆக்களைத் தேடுறியளே? அவை கனடாவுக்குப் போய் மூண்டு மாசம், அக்கா. கைப்பிள்ளையோடை."

"கைப்பிள்ளையோ?"

"ஓம், பொம்பிளைப் பிள்ளை. தாயிட்டைக் கொண்டுபோய்க் காட்டேல்லை எண்டு போற அண்டைக்கும் அந்தப் பெடியன் அழுதவன்." அவள் யோகராணியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் அவைக்கு ஆர்?"

யோகராணி பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்ச ஆள்" என்றாள்.