டபுள் சிலிண்டர்

மண்ணெண்ணெய் வாசனை சோப்புக்குப் போகாது. கடலைமாவு, எலுமிச்சைத் தோல் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒருநாள் ரேஷன் எண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு, அதே கையோடு திருவொற்றியூரில் பஸ் ஏறுவேன். அப்படிப் போன ஒருநாள், ஆபீசில் பக்கத்து நாற்காலிப் பெண் மூக்கைச் சுளித்து, "யாரோ ஸ்டவ்வைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கிட்டு வந்திருக்காங்கப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், கேஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

நாங்கள் குடியிருந்தது எட்டுக் குடித்தனங்கள் ஒரே வரிசையில் இருந்த லைன் வீடு. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். அரிசியைக்கூட எப்படியாவது புரட்டிவிடுவாள். அதை வேகவைக்க ஆகிற செலவுதான் அவளுக்குத் தீராத தலைவலி. அதற்குக் கிடைத்த ஒரே உதவி ரேஷன் மண்ணெண்ணெய். வெளியில் வாங்கினால் அதே எண்ணெய் இரண்டு பங்கு, மூன்று பங்கு விலை. அதனால்தான் அந்த வரிசை. விடியும் முன்பே கேனை வைத்து இடம் பிடிக்க வேண்டும். கேன் இல்லாதவர்கள் செங்கல் வைப்பார்கள். யார் செங்கலை யார் நகர்த்தினார்கள் என்று சண்டை நடக்கும். ஒன்பதாவது படித்த காலத்திலிருந்து அந்த வரிசையில் நிற்பது என் வேலை.

அப்படி நின்று வாங்கி வருகிற எண்ணெயில் பாதி எங்களுடையது இல்லை. என் எரிச்சலே அதுதான். அடுத்த குடித்தனத்து அத்தைக்கு அந்தப் பாதி போய்விடும். சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை; அம்மாவுக்கு யக்கா. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எர்ணாவூர்ப் பக்கம் கரையோரம் இருந்த அவருடைய வீட்டை ஒரு மழைக்காலத்தில் கடல் எடுத்துக்கொண்டது. வீட்டோடு ரேஷன் கார்டும் போயிற்று. புதுக் கார்டு கேட்டு மனு கொடுத்தால், பழைய கார்டைக் கொண்டுவா என்றார்கள். "பழைய கார்டு கடலாண்ட கீது. போய்க் கேட்டு வாங்கிக்கச் சொல்லு" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனாலும் மாதம் ஒருமுறை தவறாமல் அந்த ஆபீசுக்கு நடந்தார்.

லைனுக்கு வெளியே, கன்டெய்னர் லாரிகள் திரும்புகிற முனையில், காலை நேரத்தில் அத்தை ஆப்பம் சுட்டு விற்றார். ஆப்பத்துக்குச் சொன்னபேச்சு கேட்கிற தீ வேண்டும். திரி ஸ்டவ்வை ஏற்றி இறக்கி, ஓரம் முறுகி நடு வெந்து வரும்வரை அவர் கண் அந்தத் தீயிலேயே இருக்கும். லாரி டிரைவர்கள் இறங்கிவந்து நின்று சாப்பிடுவார்கள். எங்கள் கார்டின் பாதி எண்ணெயில்தான் அந்த வியாபாரம் ஓடியது. ரேஷன் விலை என்னவோ அதை அன்றைக்கே கொடுத்துவிடுவார். அதுபோக, தினமும் இரண்டு ஆப்பத்தைத் தட்டுப் போட்டு மூடி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் நான் அவர்மேல் எரிச்சல் படுவேன்.

கேஸ் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி விலை அல்ல.

"கேஸு வந்தா கார்டுல முத்திரை குத்திடுவான். எண்ணெ கட்டாயிடும். யக்கா இன்னா பண்ணும்?"

விசாரித்துப் பார்த்தோம். ஒரே சிலிண்டர் வாங்கினால் எண்ணெய் குறையுமே தவிர நிற்காது. இரண்டு சிலிண்டர் வாங்கினால் சுத்தமாக நின்றுவிடும். அம்மா கணக்குப் போட்டாள்.

"சிங்கிளே போதும். நமக்குத்தான் இனிமே எண்ணெ வேணாமே. வர்றத அப்டியே யக்காவுக்குக் குட்த்துட்லாம். அது பொயப்பு ஓடிடும்."

நான் தலையாட்டினேன். மறுநாள் ஆபீசுக்குப் பாதிநாள் லீவு சொல்லிவிட்டு, கார்டை எடுத்துக்கொண்டு கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் பாரத்தில் பேனாவை வைத்தபடி, "சிங்கிளா, டபுளா?" என்றார். நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவராகவே விளக்கினார். "டபுள்னா கார்டுல கிருஷ்ணாயில் சுத்தமா கட்டும்மா. சிங்கிள்னா கொஞ்சமாச்சும் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். சிங்கிள் என்றால் எண்ணெய் வரும். எண்ணெய் வந்தால் வரிசை. வரிசையில் நிற்கப் போவது நான். நாங்கள் தொடக்கூடப் போகாத எண்ணெய்க்காக நான் நாறிக்கொண்டு ஆபீஸ் போக வேண்டும். அத்தையையே கார்டோடு அனுப்பலாமே என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்று எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேனும் வரிசையும் அடியோடு ஒழிவதுதான்.

"டபுள்" என்றேன்.

இரண்டாவது சிலிண்டருக்கு டெபாசிட் தனி. ஆபீசில் முன்பணம் கேட்டு வாங்கிக் கட்டினேன். கெட்ட காரியங்கள் சிலவற்றைச் சும்மாவே செய்திருக்கிறேன். கைக்காசு கொடுத்துச் செய்தது அது ஒன்றைத்தான்.

இரண்டு சிலிண்டர்கள் வந்து இறங்கியதும் அம்மா என்னைப் பார்த்தாள். "இப்பல்லாம் டபுள்தான் தராங்களாம். எண்ணெயும் கொஞ்சம் வருமாம்" என்றேன். அம்மா நம்பினாள். நான் அதற்குமுன் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை, அதனால் நம்பினாள். புது அடுப்பில் பால் காய்ச்ச அத்தையைத்தான் கூப்பிட்டாள். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பற்றவைத்தார். திருகைத் திருப்பித் தீயைச் சின்னதாக்கி, பெரிதாக்கி, மறுபடி சின்னதாக்கிப் பார்த்தார். "சொன்னா கேக்குதுமே" என்றார். பழைய பம்ப் ஸ்டவ்வை அந்த வாரமே நான் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன்.

அந்த மாதம் எண்ணெய் போடுகிற நாளில் அத்தை ஆப்பக்கடையை மூடிவிட்டு வந்தார். "நீ ஆபீசுக்குக் கெளம்பு கண்ணு. எண்ணெ இனிமே எனக்குத்தானே, நானே போய் நிக்கிறேன்" என்று எங்கள் கார்டை வாங்கிக்கொண்டு போனார். ஆபீசுக்குக் கிளம்பாமல் ஏதோ வேலை இருப்பதுபோல வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் காலிக் கேனோடு திரும்பி வந்தார். கார்டை அம்மாவிடம் நீட்டினார்.

"ஸ்டாக்கு வர்லயாம்மே. அடுத்த மாசம் பாக்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. கடைக்காரர் முத்திரையைக்கூடப் பார்க்காமல் வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் அத்தை போனார். அப்போதும் ஸ்டாக் வரவில்லை என்றார். மூன்றாவது மாதம் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். நான் கடை வரைக்கும் போகவில்லை. பாதி வழியில் டீக்கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "டபுள் கார்டுக்கெல்லாம் எண்ணெய நிறுத்திட்டாங்களாம். புது ரூலாம்" என்றேன்.

"எவன் போட்டானோ இந்த ரூல, அவன் வூட்டு அடுப்பு எரியாம போவணும்" என்றாள் அம்மா. அத்தை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். காலிக் கேனை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

அத்தை வெளியில் எண்ணெய் வாங்கிப் பார்த்தார். கட்டுபடியாகவில்லை. துறைமுகத்திலிருந்து வரும் உடைந்த மரப்பெட்டிக் கட்டைகளை வாங்கி எரிக்க ஆரம்பித்தார். அந்தத் தீ சொன்னபேச்சு கேட்கவில்லை. ஆப்பத்தின் ஓரம் கருகியது, நடுவில் மாவாக நின்றது. இரண்டு வாரம் போராடிவிட்டு இட்லிக்கு மாறினார். இட்லிக்கடை ஏற்கெனவே அந்த முனையில் இரண்டு இருந்தது. டிரைவர்கள் அங்கே போனார்கள். புகை வருகிறது என்று வீட்டுக்காரர் சத்தம் போட, அடுப்பைச் சந்துக்குக் கொண்டுபோனார். மழை பெய்தால் வியாபாரம் இல்லை. அவர் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. "நம்ம அடுப்புல சுட்டுக்கோயேன் யக்கா" என்று அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். "ஒங்க கேஸு பத்து நாள்ல தீந்துடும்மே, வாணாம்" என்று அவர் மறுத்துவிட்டார். எங்கள் வாசலில் மட்டும் ஆப்பத்துக்குப் பதில் தினமும் இரண்டு இட்லி இருந்தது.

நான் அவரைப் பார்க்காமல் போய்வரக் கற்றுக்கொண்டேன். என் கை சுத்தமாக இருந்தது. ஆபீசில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் இருமும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போது மட்டும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வரும். இந்த வாரம் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அந்த வாரமும் போய்விடும்.

நாலு வருடம் கழித்து அத்தைக்குக் கார்டு வந்தது. லைன் முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். முதல் எண்ணெய் வந்ததும் மறுநாளே ஆப்பக்கடை என்று முனையில் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். பழைய திரி ஸ்டவ்வைத் துடைத்துப் புதுத் திரி போட்டார். எண்ணெய் போடுகிற அன்று மாவும் தயாராக இருந்தது.

அந்த வாரம் பார்த்துக் கேஸ் லாரிகள் ஓடவில்லை. ஏதோ ஸ்டிரைக் என்றார்கள். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் தீர்ந்து, இன்னொன்றும் தீர்ந்துவிட்டது. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். கஞ்சி வைக்க வழியில்லை, வெந்நீருக்கும் வழியில்லை. காலி சிலிண்டர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வாங்கிவந்த கையோடு அத்தை, ஒரு கையில் ஸ்டவ்வும் மறுகையில் கேனுமாக உள்ளே வந்தார்.

"பாதி ஒனக்கு, பாதி எனக்கு. அதானமே எப்பவும்" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றினார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. படுத்தபடியே, "எவனோ ரூல் போட்டு ஒன் வாயில மண்ணப் போட்டான். நீ எனக்கு எண்ணெ எடுத்தாற. அவன் வூட்டு அடுப்பு எரியுமா?" என்றாள்.

"சாபம் வுடாதமே" என்றார் அத்தை. "வுட்டத மொதல்ல திருப்பி வாங்கு."

கஞ்சியும் வெந்நீரும் ஆகும்வரை இருந்துவிட்டு, ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். மீதி எண்ணெய் இருந்த கேனை நான் தூக்கிக்கொண்டு அவர் வாசல்வரை போனேன். "அத்த" என்றேன். அவர் ஸ்டவ்வை இறக்கிவிட்டு, கேனையும் என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"கடக்காரன் மொத மாசமே சொல்ட்டான் கண்ணு. டபுள் குத்திக்கீது, கேட்டு வாங்கனாத்தான் டபுள் குடுப்பான்னு. ஒங்கம்மா கைல சொன்னா அது ஒன்ன வெச்சிருக்குமா? அதான் ஸ்டாக்கு வர்லன்னேன்."

"ரெண்டாவது மாசமும் போனீங்களே?"

"போவலன்னா ஒங்கம்மா கேக்குமே." கேனை ஓரமாக நகர்த்திக்கொண்டே சொன்னார். "ஆபீஸ் போற பொண்ணு. எத்தினி நாளு எண்ணெ நாத்தத்தோட போவும்னு நானும் அப்பப்போ நெனப்பேன். கேக்காமலே பாதி வாங்கிகினு இருந்தேன் பாரு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு வருடப் புகையை என் முகத்தில் ஊதியிருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்றுகூட அவர் சொல்லவில்லை, தப்பில் தனக்கும் பங்கு இருப்பதுபோலப் பேசினார். நான் அங்கேயே நின்று அழுதேன். "அம்மா பாத்துடப் போவுது, மூஞ்சக் கயுவு" என்று சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். முகம் கழுவும்போது என் கையில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்த ரூலைப் போட்டவனைத் திட்டியபடியேதான் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அத்தை வந்து கஞ்சி வைத்ததற்கு மறுநாள் காலை எங்கள் வாசலில் தட்டுப் போட்டு மூடி இரண்டு ஆப்பம் இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஓரம் முறுகி, நடுவில் நன்றாக வெந்து, முன்பு போலவே இருந்தது. அம்மாவுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதை நான் சாப்பிட்டேன்.