மாதிரி வீட்டில் ஒரு தூக்கம்

தெருவில் அவளுக்கு ராக்கோழி என்று பெயர். அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். பல வருஷமாக இரவுப் பணிதான். ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் வீடு வந்து, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, அடித்துப் போட்டது போலத் தூங்குவாள்.

அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருந்த பழைய தியேட்டரை இடித்தார்கள். நான்கு மாடியே உயரம் என்றிருந்த ஊரில் முப்பது மாடி வரப்போகிறது என்று பலகை வைத்தார்கள். பிறகு, இரும்புத் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கும் இயந்திரம் வந்தது. விடிந்ததும் தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. காதில் பஞ்சு, தலைக்கு மேல் தலையணை, எதுவும் பலிக்கவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. கட்டி முடிச்சா நம்ம இடத்துக்கும் மதிப்பு கூடும்" என்றார் புருஷன்.

"மதிப்பு கூடி? என்னைப் புதைக்க நல்ல இடம் பாக்கவா?"

நேரே போய்க் கேட்டாள். காவலாளி இன்ஜினியரிடம் அனுப்பினார்.

"பகல்ல தூங்கறது உங்க வசதி மேடம். நாங்க அனுமதி வாங்கித்தான் செய்யறோம்" என்றார் அவர்.

"வசதியா? உங்க ஆளுங்க சாரத்துலேர்ந்து விழுந்தா ராத்திரி முழிச்சிருந்து பாக்கறது யாரு?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போனவளின் கையைக் கூட இருந்த நர்ஸ் சட்டென்று பிடித்தாள். "அக்கா, இது பக்கத்துக் கட்டில்காரருக்கு." அவள் ஊசியை அந்த நர்ஸிடமே கொடுத்துவிட்டாள். காலையில் வீட்டுக்குப் போகவில்லை. சீருடையோடு கட்டடத்தின் விற்பனை அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

வருபவர்களுக்குக் காட்டுவதற்காக அங்கே ஒரு மாதிரி வீடு இருந்தது. விற்கும் பெண் படுக்கையறை ஜன்னலைச் சாத்தினாள். "ரெட்டைக் கண்ணாடி மேடம். வெளியே இடி விழுந்தாலும் கேக்காது."

உண்மையாகவே கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கொதித்தது. சத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். காசு கொடுப்பவனுக்கு மட்டும் நிறுத்துகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டாள்.

"மேடம், அது சும்மா பாக்கறதுக்கு வச்சது."

"நானும் தூங்கித்தான் பாக்கறேன்."

அவளை எழுப்பியது மேலாளர். பின்னால் வீடு வாங்க வந்த தம்பதி திகைத்து நின்றார்கள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களும் ராத்திரி முழிக்கறவங்கதான். வந்து பக்கத்து ரூம்ல படுக்கட்டும். பின்வீட்டுல தூங்க முடியாமத்தான் இங்க வந்தேன்."

வாங்க வந்த அம்மா ஜன்னலைத் திறந்தாள். உள்ளே பாய்ந்த சத்தத்தில் அந்த அம்மாவின் கைப்பை நழுவியது. இருவரும் அப்படியே கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் மேலாளர் வீடு தேடி வந்தார். இனி மதியத்துக்கு மேல்தான் தூண் அடிப்பார்களாம். அவள் மட்டும் அந்தப் பக்கம் வரக்கூடாதாம்.

"பெரிய மனசு உங்களுக்கு" என்று கதவைச் சாத்தினாள்.

சொன்னபடி செய்தார்கள். ராத்திரியெல்லாம் ரொட்டி சுடும் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரரும் அதனால் தூங்கினார். "ஜெயிச்சுட்டீங்கக்கா" என்றார்.

"என் தூக்கத்தைப் பிடுங்கி, அதுல பாதியை எனக்கே பிச்சை போட்டிருக்கான். இது ஜெயிச்சதா?"

கட்டடம் எழும்பிவிட்டது. அவள் சமையலறையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் ஒரு வசவு விழுகிறது. அதை இங்கே எழுத முடியாது.