டபல் காற்று

போன வாரம் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து பெற்றோல் ஷெட் ஒன்றில் என் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றேன். அங்கே இப்போது தூணில் மாட்டிய ஒரு பெட்டி இருக்கிறது. வேண்டிய காற்றின் எண்ணை அழுத்திவிட்டால் அதுவே அடித்து, போதுமென்றதும் கீச்சென்று கத்தி நிறுத்திக்கொள்ளும். அங்கே வேலை செய்கிறவர் குழாயைப் பின் டயரில் மாட்டிவிட்டு, "கீயக்த?" என்று சிங்களத்தில் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். மாட்டும்போது டயருக்குள் இருந்த காற்று கொஞ்சம் சீறி என் முகத்தில் பட்டது. அடைபட்டுக் கிடந்த ரப்பர் வாடை, அதில் லேசான ஈரம். அவ்வளவுதான், எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. நான் பல வருடம் பின்னுக்குப் போய் மடவளைச் சந்தியில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நாளில் எனக்கு வத்தேகமயில் வீடு, கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வண்டி மாமாவிடமிருந்து வந்தது. தொண்ணூறு சிசி. இப்போதைய வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். எடையில்லாத வண்டிக்குக் காற்றுதான் எல்லாம். பெரிய வண்டி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. கூடினால் சின்னக் கல்லுக்கும் துள்ளும், மழை ரோட்டில் பிடிமானம் இருக்காது, டயர் நடுவில் மட்டும் தேயும். குறைந்தால் வளைவில் வால் ஆடும், குழியில் விழுந்தால் ரிம் நெளியும். செயின் மூடியில் ஒரு சின்னத் தகடு இருந்தது. முன்னுக்கு இருபத்திரண்டு. பின்னுக்குத் தனி ஆளென்றால் இருபத்தைந்து, இரண்டு பேரென்றால் முப்பத்திரண்டு. ஞானோபதேச வகுப்பில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

காற்றை அளக்க, பேனை மாதிரி ஒரு மானியும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். மருந்துக் கடையில் அதோடு நிற்பேன் என்பதை யோசித்துப் பாருங்கள். காய்ச்சலோடு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்ததும் தானாகவே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். நான் அதற்குப் பிறகும் திருந்தவில்லை.

காற்றடிப்பது மடவளையில். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு நானா. வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். கடையில் ஒட்டுப் போடும் சொலூஷன் மணமும், பக்கத்து ஹோட்டலில் ரொட்டி வேகும் மணமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எது எதிலிருந்து வருகிறதென்று பிரித்துச் சொல்ல முடியாது. நானா எண் கேட்கமாட்டார். குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"தனியாவா போற, டபலா?"

நான் தனியாகத்தான் போவேன். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும், "டபல் நானா" என்பேன்.

காரணம் ரெஜினா. எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள், கண்டியில் ஒரு லோயரின் கந்தோரில் தட்டெழுத்து வேலை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்பாள். நான் வண்டியை மெதுவாக்கி, "போற வழிதானே, வாங்களேன்" என்பேன். "பஸ் வரும்ங்க" என்பாள். அவள்மேல் பிழையில்லை. வத்தேகமயில் ஒரு பெண் அண்ணன் தம்பியல்லாத ஒருவனின் பின்னால் ஏறி வந்தால், அது கோயிலில் கல்யாண ஓலை வாசித்த மாதிரிதான். இருந்தாலும் ஒருநாள் ஏறினால், குறைந்த காற்றில் வால் ஆடி அவள் பயந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான் அந்த முப்பத்திரண்டு. வெறும் சீட்டோடு டபல் காற்றில் போவது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. பொல்கொல்ல வரைக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் எண்ணி எண்ணி ஏறும். நானா அந்த வெறும் சீட்டைப் பார்ப்பார். வால்வு மூடியைத் திருகிவிட்டு எழுந்துகொள்வார். பெரிய மனிதர்.

பிறகு புசல்லாவையிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வந்து ரெஜினாவைப் பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். நல்ல குடும்பமாம். அவள் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். அந்த வாரம் முழுக்க மருந்துப் போத்தல்களின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை பனிக்குள்ளே மடவளைக்கு வந்து இறங்கினேன்.

"தனியாவா, டபலா?"

"தனிதான் நானா."

நானா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மகன், ஒடம்புக்கு சொகமில்லயா?"

"இல்ல நானா. தனிதான்."

அவர் வால்வின் ஊசியை நகத்தால் அழுத்தினார். மாதக்கணக்காக அவளுக்கென்று அடித்து வைத்திருந்த காற்று புஸ்ஸென்று வெளியே போனது. போன வாரம் ஷெட்டில் என் முகத்தில் பட்டதே, அதே வாடை. அன்றைக்கு வண்டி துள்ளாமல் பஞ்சு மாதிரி போனது, எனக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் மழை. பஸ் நிற்குமிடத்தில் ரெஜினா குடையை மடக்கிக்கொண்டு தானாக என்னிடம் வந்தாள். "இன்னைக்கு பஸ் இல்லையாம். ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

நினைத்தமாதிரியே வளைவுகளில் வால் ஆடியது. மிக மெதுவாகப் போனேன். மகாவலிமேல் மழைப்புகை நின்றது. பொல்கொல்லயில் ஒரு பஸ் எங்கள்மேல் தண்ணீரை அடித்துக்கொண்டு முந்திப் போனது. பெயர்ப்பலகையில் வத்தேகம என்றிருந்தது, உள்ளே பாதிக் கதிரைகள் காலி. இரண்டு பேரும் பார்த்தோம்.

"ஏன் இப்பிடி ஆடுது?" என்று மட்டும் கேட்டாள்.

"காத்து பத்தல. இவ்வளவு நாளும் ரெண்டு பேருக்கு அடிச்சுதான் வச்சிருந்தேன். காலையிலதான் கொறச்சேன்."

அவள் நெருங்கி உட்கார, மடக்கிய குடை என் முதுகில் இடித்தது. மடவளையில் நிறுத்தினேன். நானா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, குனிந்து டயரை அழுத்தினார். "காத்து கொறவா ஈக்கி மகன்," என்றார். பின்னால் யாரென்று பார்க்காமலேயே, பழக்க தோஷத்தில், "தனியாவா, டபலா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா சொன்னாள். "டபல் அடிங்க நானா. இனிமே டபல்தான்."

அந்தச் சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் விற்கிறார்கள். நானாவும் இல்லை, பக்கத்து ரொட்டிக் கல்லும் இல்லை. ரெஜினாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. காலைத் தூக்கிப் பின்னால் ஏற முடியாமல் போய் நெடுநாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் ஆட்டோவில் போவாள், நான் பின்னால் வண்டியில் போவேன். தனியாவா டபலா என்று கேட்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

ஷெட்டில் என் பின்னால் ஒரு வேன் ஹோன் அடித்தது. காற்றடிக்கிறவர் வெறும் சீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டு மறுபடியும், "கீயக்த?" என்றார்.

முப்பத்திரண்டு என்றேன்.

எங்கள் ஒழுங்கையில் வண்டி துள்ளித் துள்ளி ஏறும் சத்தம் அவளுக்குக் குசினி அடுப்படி வரை கேட்டிருக்கிறது. "இன்னைக்கும் டபலா?" என்றாள். "நான்தான் ஏறப் போறதில்லையே."

ஏறாதவளுக்குக் காற்றடித்து வைத்திருப்பது எனக்கு முதல் தடவையா என்ன?