இரண்டாவது பெட்டி

சோறு போடாத படிப்பு என்று என் மனைவி சொன்னது பொய்யில்லை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஜெர்மன் தர்க்கவியலாளர் ஒருவரைப் பற்றி ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி மாணவர்களுக்காகத் தர்க்க நூல் எழுதிய மனிதர். மற்றதையெல்லாம் துண்டுத்தாள்களில் குறித்துக் குறித்துச் சேர்த்தார்; அச்சுக்குக் கொடுக்க மட்டும் மனம் வராது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, தாள்களைக் காத்துவந்த மாணவரின் வீட்டில் தீப்பிடித்து அவற்றில் நிறைய எரிந்துபோயின. அதை வாசிக்கும்போதெல்லாம் என் மேசையடியைத் திரும்பிப் பார்ப்பேன். என் குறிப்புகளும் துண்டுத்தாள்கள்தான், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய.

எங்கள் வீட்டுப் புகை அலாரம் பொல்லாதது. மிளகாய் வறுத்தால் கத்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலும் கத்தும். மேல்வீட்டு அன்ரி காலால் தரையில் இடிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை பொறுமையிழந்து, கதிரையில் ஏறி பற்றரியைக் கழற்றினேன்.

"உதைத் திரும்பப் போடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள் மனைவி.

"உது கத்தினா நாங்கள் சமைக்கிறம் எண்டுதான் அர்த்தம். நெருப்பு எண்டில்லை," என்றேன். தர்க்கம் படித்தவன் அல்லவா!

பற்றரி மேசை லாச்சிக்குள் கிடந்தது. திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். நாளைக்குப் போடலாம் என்று மூடிவிடுவேன்.

மாசியில் ஒரு மத்தியானம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். எட்டு வயது மகள் காய்ச்சலோடு உள்ளறையில் படுத்திருந்தாள். அவளுடைய கஞ்சிக்கு அப்பளம் பொரிக்கத் தாச்சியில் எண்ணெயைச் சூடாக வைத்துவிட்டு, ஒரு குறிப்பைப் பார்க்க மேசைக்கு வந்தேன். ஒரு தாள் இன்னொரு தாளைத் தேடவைத்தது. மூக்கு எரிந்து திரும்பியபோது அடுப்புக்கு மேலிருந்த அலுமாரி எரிந்துகொண்டிருந்தது. அலாரம் வாய் திறக்கவில்லை.

கைக்கு அருகிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினேன். அதைப் பனியில் வைத்த பிறகுதான் மகளின் நினைவு வந்தது. எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை. எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அலறிக்கொண்டு திரும்பி ஓடினேன். வாசலில், புகைக்குள்ளிருந்து அவளே வந்தாள். வெறுங்கால், விடாத இருமல். மற்றப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"நான் பார்த்தனான் அப்பா. நீங்கள் பொக்ஸைத்தானே முதல் சேவ் பண்ணினீங்கள். அதுதான் மற்றதையும் கொண்டு வந்தனான்."