மண்டைக்குள் சுரண்டிப் பார்க்க முடியாது

முதலில் கெட்டது என் கை என்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டு கெட்டது என்றுதான் நினைத்தேன். அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் நாற்றங்காலில் நான் கத்தி பிடிப்பேன், என் வீட்டுக்காரர் நாடா சுற்றுவார். நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு பெயர்த்து, இளங்கன்றின் தண்டில் அதே அளவுக்குப் பட்டையைத் திறந்து, அதற்குள் பதித்து நாடாவால் இறுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் காய்ந்துவிடும். அந்த வருடம் என் ஒட்டுகள் வரிசையாகக் காய்ந்தன. கத்தியை மாற்றினேன், நாடாவைக் குறை சொன்னேன், நாடா சுற்றியவரையும் விட்டுவைக்கவில்லை. என் வலது கட்டைவிரல் தானாக ஆடுவதை அவர்தான் கண்டுபிடித்தார்.

பார்க்கின்சன் என்றார்கள் (மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் சிறுகச் சிறுகச் சாகும் நோய்). சில ஆண்டுகளில் இடது கையும் சேர்ந்துகொண்டது. மாத்திரை முதலில் கேட்டது, பிறகு அரைகுறையாகக் கேட்டது.

அப்போதுதான் வெளியூரில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில், ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள்) பக்குவப்படுத்தி மூளையில் வைத்துப் பார்க்கும் சோதனையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இது இன்னும் சோதனைதான். நிச்சயம் குணமாகும் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால் போகாதீர்கள். எனக்கு யாரும் அப்படி உறுதி தரவில்லை.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன்.

"பிடிச்சுதா இல்லியான்னு எப்பிடி பாப்பிய? நாங்க நாடாவ அவுத்து நகத்தால லேசா சொரண்டுவோம். பச்சயா இருந்தா உயிரு, கறுத்திருந்தா போச்சு. மண்டைய அவுக்க முடியாதே?"

அவர் சிரித்துவிட்டு, "திறக்காமலே சுரண்டிப் பார்ப்போம் அம்மா," என்றார்.

செல்களை வைக்கும் முன்பே அவற்றில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை ஏற்றினார்கள் (கண்ணுக்குத் தெரியாத கதிரைச் சில நாட்கள் வெளிவிடும் பொருள்). மண்டையில் சிறு துளையிட்டு இரண்டு பக்கமும் வைத்தார்கள். இரண்டாம் நாள் காமா கேமராவுக்குக் கீழே படுத்தேன். எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடம்புக்குள் போகும். இதில் உள்ளிருந்து வெளியே வரும். கருவி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, விளக்கு நான்தான். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

திரையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெளிச்சப் பொட்டுகள். வீட்டுக்காரர் துள்ளினார்.

"ஏட்டி, ஒட்டு பிடிச்சாச்சு! ரெண்டும் தெளிஞ்சு கெடக்கு பாரு!"

வராந்தாவுக்குப் போய் ஊர் முழுக்கப் போன் போட்டார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது முகவரிதான் அம்மா. செல் அங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு சொல்லும். உயிரோட இருக்கான்னு சொல்லாது. செல் செத்தாலும் நாங்க ஏத்தின பொருள் கொஞ்ச நாள் அங்கேயே கிடக்கும்."

எனக்கு இது புதிதல்ல. மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்க்கும்போது பச்சையாக இருக்கும் மொட்டு, பிறகு வாடிப்போவது உண்டு. அதனால் பத்து நாள் விட்டு இன்னொரு முறை சுரண்டுவோம். அப்போதும் பச்சை என்றால்தான் பிடித்தது என்போம். இது தெரிந்த மனிதர்தான் ஊருக்குப் போன் போட்டார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வேறு வரும்.

என் இரண்டாவது சுரண்டலுக்கு ஒரு வருடம் ஆகும் என்றார்கள். செல்கள் வளர்ந்து வேலை தொடங்க அவ்வளவு காலம் வேண்டுமாம். உடம்பு அவற்றை விரட்டாமல் இருக்கவும் மாத்திரை தின்றேன். காலையில் சாயா சிந்தாவிட்டால் பிடித்துவிட்டது என்பேன். மாலையில் ஊக்கு மாட்ட முடியாவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்பேன். உண்மையைச் சொன்னால், அந்த வருடம் முழுக்கப் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

பெட் ஸ்கேனுக்கு (கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, செல்கள் வேலை செய்வதைப் படமாக்கும் முறை) முந்தின நாளே என் வழக்கமான மாத்திரையை நிறுத்தினார்கள். உடம்பு விறகாக விறைத்தது. டோபமைன் செய்யத் தேவையான பொருளைப் போன்றதே ஊசியில் போட்ட இந்த மருந்து. வேலை செய்யும் செல் அதை இழுத்துக்கொள்ளும், செத்தது இழுக்காது. இதுதான் இவர்களுடைய நகம் என்று புரிந்தது. தலையை அசையாமல் கட்டிவிட்டு வெளியே போனார்கள். உள்ளே யாராவது இருந்தால் சாப்பிடுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

வலப்பக்கம் வெளிச்சம் வந்திருந்தது. அறுவைக்கு முன் எடுத்த படத்தில் அங்கே மங்கிக் கிடந்தது. இடப்பக்கம் பெரிய மாற்றம் இல்லை. மூளையின் வலப்பக்கம்தான் இடது கையை ஆள்கிறது. அதாவது, கத்தி பிடிக்காத கைக்குத்தான் உயிர் வந்திருந்தது.

நான் அழுதேன். வீட்டுக்காரர் இந்த முறை யாருக்கும் போன் போடவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்க எடது கை சும்மதானே இருக்கு? அதுக்குக் கத்தி பழக்குனா என்ன?"

பழக்கினேன். கன்றுகள் நிறையப் பாழாயின. இந்த ஐம்பத்தாறு வயது உடம்புக்குள் இரண்டு வயதுகூட ஆகாத செல்கள் இருக்கின்றன. இடது கையை இப்போது என் கை என்று நினைப்பதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவளைப் போல அதட்டியும் கொஞ்சியும் நடத்துகிறேன். வலது கை கன்றைத் தாங்கிக்கொண்டால் போதும்.

போன வாரம், இடது கையால் நான் வைத்த ஒட்டு ஒன்றுக்கு மூன்று வாரம் முடிந்தது. வீட்டுக்காரர் நாடாவை அவிழ்த்து நகத்தால் சுரண்டினார். பச்சை. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"போன உள்ள வையுங்க," என்றேன். "இன்னும் பத்து நாளு கெடக்கு."